ஆறுதல் குழு

வந்திருந்தவர்கள்: தலைவர் திரு. விநாயகமூர்த்தி, ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் திரு. வேலாயுதம், அரசாங்க இலாகா ஒன்றில் இன்னும் ஓய்வு பெறாதவர், ஆனால் மனத்தளவில் பெற்றுவிட்டவர். மகளிர் பகுதித் தலைவி திருமதி குணபூசணி. போஷகர் திரு. கந்தப்பு, எண்பதைத் தாண்டியவர், காது கேட்கும் கருவியுடன்; கருவி சட்டைப்பையில். செயற்குழு உறுப்பினர்கள் அனைவரும். வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்தவர்கள்: ஒருவரும் இல்லை, ஏனென்றால் மீன் கட்லட் உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. வாசலில் காவலாளி தம்புசாமி.

கனகலிங்கமும் வந்திருந்தான். ஆனால் அவனை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று செயலாளருக்குத் தெரியவில்லை. உறுப்பினர் இல்லை. அழைக்கப்பட்டவர் என்று போட்டால், அழைத்தது யார் என்ற கேள்வி வரும். பார்வையாளர் என்று போடலாமே என்றார் ஒருவர். பார்வையாளர் பின்வரிசையில் உட்கார வேண்டும், இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று இன்னொருவர் ஆட்சேபம் தெரிவித்தார். அகதி என்று போடுவதற்குத் தலைவர் சம்மதிக்கவில்லை.

“நோ, நோ. இந்த நாட்டுல அகதின்னு ஒரு கேட்டகிரியே கெடையாது. நாம எழுதிட்டோம்னா, கவர்மெண்டுக்குத் தெரியாத ஒன்னு நமக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும்.”

கடைசியில் நிகழ்ச்சி நிரலில் ஏற்றினார்கள். முதல் பொருள், சென்ற கூட்டக் குறிப்பு. இரண்டாம் பொருள், பூப்பந்து வலை கிழிந்தது. மூன்றாம் பொருள், கனகலிங்கம்.

வடபகுதி உறவினர் சபை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் எழுத்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்திய சபை. ஒரு ரயில் போனால் பேச்சை நிறுத்தி, அது போய் முடிந்ததும் நிறுத்திய சொல்லிலிருந்து தொடர்வார்கள். வலை விவகாரம் மூன்று ரயில் நேரம் நடந்தது. பிறகு மூன்றாம் பொருளை எழுந்து பேசச் சொன்னார்கள்.

கனகலிங்கம் எழுந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். போன ஆடிக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். இழப்பு கடையோடு நின்றிருந்தால் அவன் அங்கேயே இருந்திருப்பான். அதற்குப் பிறகு ஒரு நாள், ரொட்டி வாங்கப் போன தம்பியை ஒழுங்கை முனையில் ஜீப்பில் ஏற்றினார்கள். பெயர் கேட்டு ஏற்றியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அண்ணனின் பெயரையும் கேட்டார்களாம். கனகலிங்கம் அடுத்த விமானத்தில் ஏறினான். திரும்பி அங்கே இறங்கினால், பயணிகள் வெளியே போகும் வாசலால் தன்னை விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இதையெல்லாம் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நினைத்திருந்தான். கேட்காதவர்களிடம் சொல்லி அவர்கள் கட்லட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

“எனக்கு ஒரேயொரு கையெழுத்துத்தான் வேணும் ஐயா. இங்க தங்கிற பாஸை நீட்டுறதுக்கு இந்த நாட்டுப் பிரசை ஆராவது ஒராள் ஜாமீன் நிக்கவேணுமாம். சித்திரை வருசத்துக்கு முதல் வெள்ளியோட என்ர பாஸ் முடியுது. முடிஞ்சால் திருப்பி ஏத்திப் போடுவினம்.”

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத மனிதர்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்டோமே என்று கனகலிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஆகவே பண்புள்ள எந்த யாழ்ப்பாணத்தானும் சொல்லக்கூடியதைச் சொன்னான்.

“அந்தரப்பட வேண்டாம் ஐயா. ஆறுதலாச் செய்யுங்கோ.”

யாழ்ப்பாணத்தில் அந்தரம் என்றால் அவசரம், ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். தேநீரை வைத்துவிட்டு ‘ஆறுதலாக் குடியுங்கோ’ என்பார்கள். ஆனால் சபையோர் கோலாலம்பூரில் பிறந்து இங்கிலீஷில் படித்தவர்கள். அப்பா காலத்துப் பேச்சு வீட்டிலேயே தேய்ந்து, பாசாரிலும் டிரைவரிடமும் பேசுகிற தமிழாகியிருந்தது. அந்தத் தமிழில் ஆறுதல் என்பது சாவு வீட்டில் சொல்வது. இரண்டு பொருளும் தெரிந்த ஒரே மனிதர் கந்தப்பு. அவர் பருத்தித்துறையில் பிறந்தவர். பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கட்லட்டை மென்றுகொண்டிருந்தார்.

குணபூசணி அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். “பாவம் லா. கையெழுத்துகூட அப்பறம்ங்கிறாரு. ஆறுதல்தான் மொதல்ல கேக்குறாரு.”

சபை நிம்மதியாக மூச்சு விட்டது. கையெழுத்து என்பது ஒருவர் போடுவது. ஆறுதல் எல்லோரும் சேர்ந்து கொடுக்கக்கூடியது. ‘மூன்றாம் பொருள் ஆறுதல் கோரியது. ஏகமனதாக வழங்கப்பட்டது’ என்று செயலாளர் எழுதினார். ஆறுதல் குழு என்று ஒரு குழு அங்கேயே அமைந்தது. பெயரைக் கேட்டதும் கனகலிங்கம் ஆச்சரியப்பட்டான். மெதுவாக வேலை செய்யும் குழு என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்களே, எவ்வளவு நேர்மையான மனிதர்கள் என்று நினைத்தான்.

மண்டபத்துக்குப் பின்னால் கோப்பைகள் வைக்கும் அறையில் அவனுக்குப் பாய் போட்டார்கள். முந்தைய ஆண்டுகளில் சபை வென்ற பூப்பந்துக் கோப்பைகள் அலமாரியில் நிறைந்திருந்தன. அவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள். பகல் முழுவதும் கனகலிங்கம் அவர்களோடு இருந்தான். ஜன்னல் வழியாகத் தண்டவாளம் தெரிந்தது. ரயில் பெட்டிகளில் முகங்கள் போயின. பேச ஆளில்லை. முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்து ‘என்ன, சுகமோ?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். தன் பேச்சைத் தானே கேட்டுக் கூச்சமாகிவிட்டது. பிறகு கேட்கவில்லை.

தம்புசாமி மட்டும் மத்தியானத்தில் எட்டிப் பார்ப்பார். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டதும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தவர்.

“என்னா பாஸ், இன்னிக்கு யாரு ஆறுதல் சொல்ல வர்றா?”

“மகளிர் பகுதியாம் அண்ணை.”

“ஐயோ. அப்ப மொதல்லயே சாப்ட்ருங்க. அவங்க பேச ஆரமிச்சா சோறு ஆறிப் போயிடும்.”

மகளிர் பகுதி புதன்கிழமைகளில் வந்தது. ஒரு துயரத்தை ஆற்ற வேறொரு துயரத்தைச் சொல்வதுதான் வழி என்று குணபூசணி அம்மாள் எங்கோ படித்திருந்தார். ஆகவே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் கனகலிங்கத்தை உட்கார வைத்து, ஒவ்வொருவராகத் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள். ஒருவருடைய மகன் மெல்பனில் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான். ஒருவர் வீட்டு வேலைக்காரி தீபாவளிக்கு முந்தின நாள் ஓடிப்போனாள். குணபூசணி அம்மாளின் பங்சார் வீட்டுக்கு மேல்மாடி கட்ட நகராண்மைக் கழகம் அனுமதி கொடுக்கவில்லை.

“சொந்த வீடு தம்பி. சொந்த வீட்டுல ஒரு ரூம் கட்ட முடியல. அந்த வேதன உங்களுக்குத்தான் புரியும்.”

“ஓம் அக்கா.”

“உங்களுக்காச்சும் வீடு ஒரேயடியா போயிடுச்சி. எனக்கு டெய்லி பாத்துக்கிட்டே இருக்கணும்.”

அம்மாள் அழுதார். அவரைத் தேற்ற கனகலிங்கம் தண்ணீர் எடுத்துவந்தான். மகளிர் பகுதியின் அறிக்கையில், விருந்தினர் நல்ல முன்னேற்றம் காட்டுகிறார் என்று குறிப்பிட்டிருந்தார்கள். புறப்படும்போது அவன் ஒவ்வொரு புதனும் கேட்டான். “அக்கா, அந்தக் கையெழுத்து...” ஒவ்வொரு புதனும் அம்மாள் அவன் தோளைத் தட்டினார். “அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க.”

ஆண்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து பழனியப்பன் வந்திருந்தார். அவர் லோரி கம்பெனி வைத்திருப்பவர், கிள்ளான் பொதுமக்கள் அனுதாபக் குழு என்று ஒன்றை அவசரமாக ஆரம்பித்தவர். கிள்ளான் மக்களிடம் அனுதாபம் நிறைய இருக்கிறதாம். காட்டுவதற்கு ஆள்தான் இல்லையாம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்து உதவ முடியுமா?

தலைவர் யோசித்தார். சபையின் நாற்காலிகளைக் கல்யாணத்துக்குக் கொடுப்பதற்கு ஒரு விதி இருந்தது. அதையே பயன்படுத்தினார்கள். சேதமில்லாமல், அன்று மாலைக்குள், கொடுத்த நிலையில் திருப்பித் தர வேண்டும்.

பழனியப்பன் கனகலிங்கத்தைச் சுற்றிவந்து பார்த்தார். திருப்திப்படவில்லை. “என்னா அண்ணே, சட்ட இவ்ளோ நல்லாருக்கு?”

ஓடி ஒளிந்த அன்று பக்கத்து வீட்டுச் சிங்களவர் கொடுத்த சட்டை அது. கொடுத்தவர் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்தது.

“இதப் போட்டுக்கிட்டு வந்தா ஜனங்க எங்கிட்ட வேலை கேப்பாங்க லா. கிழிஞ்சது ஒன்னும் இல்லியா?”

இல்லை. தேடிப் பார்த்ததில், சபை முழுவதிலும் கிழிந்த சாரம் தம்புசாமியிடம்தான் இருந்தது. அதை அவர் கட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கேட்டுக்கொண்டதால் அவிழ்த்துக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தம்புசாமி கனகலிங்கத்தின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரைப் புதிய உறுப்பினர் என்று நினைத்துக் கைகொடுத்தார்கள்.

கிள்ளானில் இன்னொரு சிக்கல் எழுந்தது. “எந்தக் கப்பல்ல வந்தீங்க?” என்று பழனியப்பன் கேட்டார்.

“கப்பலில்லை அண்ணை. பிளேனில வந்தனான்.”

“பிளேனா?” பழனியப்பனின் முகம் விழுந்துவிட்டது. “வியட்நாம்காரன் எல்லாம் தோணில வந்தான். தோணி ஒடஞ்சி, நீந்தி, பேப்பர்ல எல்லாம் படம் வந்திச்சி. அவனுங்களுக்கு ஒரு தீவே குடுத்து வச்சிருக்காங்க. நீங்க டிக்கட் எடுத்து பிளேன்ல வந்திருக்கீங்க. இதுல நாங்க எப்படி அனுதாபப்படுறது?”

ஆகவே ஒரு லோரியின் மேல் பலகையால் தோணி செய்தார்கள். நீல வர்ணத்தில் அலை வரைந்தார்கள். தோணிக்குள் கிழிந்த சாரத்தோடு கனகலிங்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டி, கிள்ளான் வீதிகளில் ஊர்வலம் விட்டார்கள். அவன் பிடித்துக்கொள்ள ஒரு துடுப்பும் இருந்தது.

ஜனங்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. அலங்கரித்த வாகனம், நடுவில் மெலிந்த ஓர் உருவம், கையில் கோல். புரிந்த வரையில் சரியாகவே நடந்துகொண்டார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். லோரி சமிக்ஞை விளக்கில் நின்றபோது ஒரு மனிதர் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, தோணிக்குள் தலையை நீட்டினார்.

“சாமி, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லுங்க.”

“அண்ணை, எனக்கு இலக்கம் ஒண்டும் தெரியாது.”

“அப்டிச் சொல்லாதீங்க லா. மனசுல என்னா இருக்கோ அதச் சொல்லுங்க.”

கனகலிங்கத்தின் மனதில் அந்த நாட்களில் ஒன்றுதான் இருந்தது. “என்ர பாஸ் முடியிற திகதிதான் இருக்கு. பதின்மூண்டாம் திகதி, நாலாம் மாசம்.”

“ஒன்னு மூனு சைபர் நாலு!” என்று கத்திக்கொண்டு அந்த மனிதர் குதித்தார். லோரி அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் செய்தி பரவிவிட்டது. கிள்ளான் முழுவதும் ஒரு வெளிநாட்டுக்காரனின் பாஸ் முடியும் தேதி தெரிந்திருந்தது. கடைக்காரர்கள் அதைச் சிகரெட் அட்டையில் எழுதிவைத்தார்கள். பாஸ் எதற்கு, முடிந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் அந்த நம்பர் விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. ராசியில்லாத ஆள் என்று பேச்சு வந்தது. அந்நியர்களை நாட்டுக்குள் விட்டதால் வரும் தீமைகளைப் பற்றி ஒரு வாசகர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அனுதாபக் குழு மெல்லக் கலைந்து, பழனியப்பன் தோணிப் பலகையை உரித்து லோரியில் வழக்கம்போல் உரமூட்டை ஏற்றினார்.

பங்குனி பிறந்துவிட்டது. கனகலிங்கம் தலைவரின் வீட்டுக்கே போய் வாசலில் நின்றான். அவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் குழாயை மூடாமலேயே தைரியம் சொன்னார். நாளைக்கே பாஸ் அலுவலகத்துக்குப் போவோம். தனியாகப் போனால் மதிப்பில்லை. தூதுக்குழுவாகப் போவோம்.

குழு போயிற்று. எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். தம்புசாமியைக் குடை பிடிக்க அழைத்துப்போனார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரர். களைத்த மனிதர், மேசை மேல் பாதி குடித்த தே தாரிக் தேநீர். தலைவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தன் சமூகம் இந்த நாட்டின் தண்டவாளங்களைக் கண்காணித்தது, கணக்குகளைப் பார்த்தது, மூன்று தலைமுறைகளில் அலுவலகக் கோப்பு ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை என்றார். சபையின் பொன்விழாவுக்கு யாரை அழைக்கலாம் என்று ஆலோசனை கேட்டார். வெளியே வாகனம் நிறுத்த இடம் போதவில்லை என்று புகார் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மூலையில் நின்ற கனகலிங்கத்தைக் காட்டி, இவர் யார் என்று மலாயில் கேட்டார்.

தலைவர் விளக்கினார். அதிகாரி தலையாட்டினார்.

“எங்களிடம் சுற்றுலாப் பயணி உண்டு. மாணவன் உண்டு. வேலைக்காரன் உண்டு. நீங்கள் சொல்லும் வகை இல்லை. ஆனால் பரவாயில்லை, சுற்றுலாப் பயணியாக இன்னும் ஆறு மாதம் சுற்றிப் பார்க்கட்டும். ஒரு குடிமகன் ஜாமீன் போட வேண்டும். அவ்வளவுதான். யார் போடுகிறீர்கள்?”

கனகலிங்கத்துக்கு மலாய் தெரியாது. ஆனால் பேனா நீட்டப்பட்டது தெரிந்தது. கோட்டு போட்ட மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவர் கூரை விசிறியைப் பார்த்தார். ஒருவர் தன் கழுத்துப்பட்டையைப் பார்த்தார். செயலாளர் குனிந்து ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

“நாங்க தனித்தனியா செயல்படுறதில்ல,” என்றார் தலைவர். “ஆறுதல் குழு ஒரே உடம்பா கையெழுத்துப் போடும்.”

“அந்த உடம்புக்கு ஐ.சி. அட்டை இருக்கிறதா?” என்று அதிகாரி கேட்டார்.

பின்னாலிருந்து குடையோடு ஒரு கை நீண்டது. “நான் போடுறேன் லா. பேனாவக் குடுங்க. எங்க போடணும்?”

தம்புசாமி சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அது சிவப்பாக இருந்தது. அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அங்கிள், இது நிரந்தரவாசி அட்டை. நீங்கள் குடிமகன் இல்லை. உங்களுக்கே யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.”

“நான் பந்திங்ல பொறந்தவன்.”

“தெரிகிறது. இதில் எழுதியிருக்கிறது.”

திரும்பும் வழியில் இருவரும் குழுவின் கார்களில் இடமில்லாமல் பேருந்தில் வந்தார்கள். “எங்கப்பாவுக்கு அந்தக் காலத்துலயே சிட்டிசன் பேப்பர் எடுத்திருக்கணும்,” என்றார் தம்புசாமி. “தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதித் தரணும். நாளைக்கு வா, நாளைக்கு வான்னாரு. அப்பா செத்துட்டாரு. அப்பறம் அந்த ஆபீஸையே மூடிட்டாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்தக் கிராணியும் உங்க ஊரு ஆளுதான். கோச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.”

கனகலிங்கம் கோபிக்கவில்லை. பங்குனி முடியும் வரை வீடு வீடாகப் போனான். ஒரு வீட்டில் மகளின் படிப்புக்கு உபகாரச் சம்பளம் வரவேண்டியிருந்தது. இந்த நேரத்தில் பெயர் எங்கும் விழக்கூடாது. ஒரு வீட்டில் ஜே.பி. என்ற கௌரவப் பட்டத்துக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் நாய் மட்டும் இருந்தது. அது அவனோடு வாசல் வரை வந்தது.

வருடப்பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவசரக் கூட்டம் கூடியது. அலுவலகம் மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு காரும் ஒரு கையும் போதும். தலைவர் எழுந்தார்.

“உறவுகளே. ஒரு மனுசன் நம்ம வாசலுக்கு வந்தான். நாம கதவத் தொறந்தோம். பன்னெண்டு ஆறுதல் அமர்வு. ஒரு ஊர்வலம். ஒரு தூதுக்குழு. உலகத்துல எந்தச் சமூகம் ஒரு தனி ஆளுக்கு இவ்வளவு செஞ்சிருக்கு? ஐ.நா. செஞ்சிருக்கா? இப்ப அவர் கையெழுத்து கேக்குறார். கையெழுத்துன்னா என்னா? வெறும் மை. நாளைக்கு அழிஞ்சிடும். நாம குடுத்த ஆறுதல் அழியுமா?”

கைதட்டினார்கள். சத்தத்தில் கந்தப்பு கண் திறந்தார். ஏதோ முக்கியமாக நடக்கிறது என்று நினைத்துக் கருவியைக் காதில் மாட்டினார்.

கனகலிங்கம் எழுந்தான். மூன்றாம் பொருளுக்கு இன்னும் முறை வரவில்லை என்று செயலாளர் சொன்னார். அவன் உட்காரவில்லை.

“ஐயா, நான் ஆறுதல் கேக்கேல்லை. ஒருக்காலும் கேக்கேல்லை. நான் முதல் நாள் சொன்னது, ஆறுதலாச் செய்யுங்கோ எண்டு மட்டும்தான்.”

“அதத்தான செஞ்சோம்?”

“இல்லை ஐயா. எங்கட பேச்சில அது வேற.”

சபை குழம்பியது. அப்போது கந்தப்பு கைத்தடியால் தரையைத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். போஷகர் கூட்டத்தில் பேசி ஆண்டுகள் ஆகியிருந்தன.

“மடையங்களே! ஆறுதலாச் செய்யெண்டால் மெள்ளமாச் செய்யெண்டு அர்த்தம். அவன் கையெழுத்துத்தான் கேட்டவன். அந்தரப்படாமல் போடுங்கோ எண்டு மரியாதைக்குச் சொன்னவன். உங்கட அப்பன்மாருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

ஒரு ரயில் வந்து போயிற்று. கனகலிங்கம் கிழவரைப் பார்த்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் சொன்னதை ஒருவர் சொன்னபடி கேட்டிருந்தார். அவன் கண் கலங்கியது. குணபூசணி அம்மாள் அதைக் கவனித்து, ஆறுதல் வேலை செய்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்.

“நீங்க போடுங்க தாத்தா,” என்று வாசலிலிருந்து தம்புசாமி கத்தினார்.

கந்தப்பு வலது கையைத் தூக்கிக் காட்டினார். போன வருடத்துப் பக்கவாதத்தில் அந்தக் கையின் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. “பென்சன் எடுக்கிறதே பெருவிரல் மையிலதான். ரேகை வைக்கிறன். எடுப்பினமே?”

“எடுக்க மாட்டாங்க,” என்றார் தலைவர் உடனே. அவருக்கு அது தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் யோசனையில் ஆழ்ந்தார். முகம் மெல்லத் தெளிந்தது. முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு ஒரு குறிப்பின் பொருள் மாறினால் அதற்கேற்ப முடிவையும் மாற்றத் தெரியும்.

“சரி. போஷகர் சொல்றத ஏத்துக்குவோம். குறிப்ப திருத்துங்க. விருந்தினர் கேட்டது மெதுவா செய்யணும்னு. மெதுவா. அப்படின்னா, மிஸ்டர் கனகலிங்கம், இன்னிக்கு எதுக்கு இவ்ளோ அவசரப்படுறீங்க? உங்க வேண்டுகோள்படி நாம ரொம்ப மெதுவாத்தான செஞ்சிருக்கோம்?”

செயலாளர் திருத்தினார். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, திருத்தம் நிறைவேறியது. கந்தப்பு கருவியைக் காதிலிருந்து பிடுங்கித் தரையில் வீசினார். அதை எடுத்துத் துடைத்து அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்கள்.

மீதி நேரம், பாஸ் முடிந்த ஒருவரைச் சபைக் கட்டடத்தில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்ற விவாதத்தில் போயிற்று. இல்லை என்று முடிவாயிற்று. நாளைக் காலையிலிருந்து குற்றம். சட்டத்தை மதிக்கிற சமூகம் நாளை வரை காத்திருக்கலாமா? கூடாது. தலைவர் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டதாகவும், வண்டி வந்துகொண்டிருப்பதாகவும் அறிவித்தார். ஆகவே வழியனுப்பு விழாவை இப்போதே நடத்திவிடலாம்.

மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கனகலிங்கம், யாரோ வீட்டு விருந்துக்கு வந்தவன் போல எல்லோருக்கும் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் பின்வாசலைப் பார்த்தான். பின்வாசலுக்கு அப்பால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் அவனுக்கு ஒருவரையும் தெரியாத ஊர். பையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கே வந்தான்.

வண்டி நின்றது. ஜன்னல்களில் கம்பி வலை. அன்றைக்குப் பேனா நீட்டிய அதே அதிகாரி இறங்கி, மாலையையும் பொன்னாடையையும் பார்த்து, எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். உள்ளே நீள பெஞ்சு. வேறு யாரும் இல்லை.

தம்புசாமி அருகே வந்து, சோற்றுப் பொட்டலம் ஒன்றை அவன் பைக்குள் திணித்தார். “மொதல்லயே சாப்ட்ருங்க பாஸ்,” என்றார். பிறகு “வந்தா தகவல் குடுங்க,” என்றார். எங்கே வந்தால் என்று சொல்லவில்லை.

“வாறன் அண்ணை,” என்றான் கனகலிங்கம். ஏறி உட்கார்ந்தான். கதவைத் தாண்டி ஒரு துண்டு வானமும், மண்டபத்தின் பெயர்ப் பலகையில் பாதியும் தெரிந்தன.

அதிகாரி கதவைச் சாத்தினார். பழைய வண்டி, கீல் இறங்கியிருந்தது. கதவு பாதியில் நின்றது. மறுபடி தள்ளினார். நகரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சபையோரைத் திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் கை கொடுக்க முடியுமா?”

முன்மொழிய ஆள் வேண்டும், வழிமொழிய ஆள் வேண்டும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. தலைவர் கோட்டைக் கழற்றினார். செயலாளர் சட்டைக் கையை மடித்தார். குணபூசணி அம்மாள்கூடக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ஆறுதல் குழு முழுவதும் தோளோடு தோள் நின்று, கதவில் கை வைத்து, ஒரே உடம்பாகத் தள்ளியது. கதவு சாத்திக்கொண்டது. அதிகாரி நன்றி சொல்லிவிட்டுப் பூட்டினார்.